பூட்டின வீட்டில் 215 யூனிட்: மதுரைப் புறநகரை வைத்து அக்கம்பக்கத்து மர்ம நாவல் எழுத முழு வழிகாட்டி

ஆனையூர்ப் பக்கம் எங்கள் தெருவில் ஒரு வீடு ரொம்ப நாளாகப் பூட்டிக் கிடந்தது. மகள் பிரசவத்துக்காக வீட்டுக்காரர்கள் வெளியூர் போயிருந்தார்கள். ஒருநாள் காலை ரீடிங் எடுக்க வந்தவர் கிரில் கேட் வழியாக அந்த வீட்டு மீட்டரை எட்டிப் பார்த்தார். வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்த என்னிடம் திரும்பி, "ஆள் இல்லாத வீடுன்னு சொன்னீங்களேம்மா, இருநூறு யூனிட்டுக்கு மேல ஓடியிருக்கே?" என்றார்.

காரணம் மூன்று நாள் கழித்துத் தெரிந்தது. மாடித் தொட்டிக் குழாய் ஒழுகியிருக்கிறது. தண்ணீர் குறையக் குறைய, ஆட்டோமேட்டிக் ஸ்டார்ட்டர் போட்ட மோட்டார் தானாக ஓடி ஓடி நின்றிருக்கிறது. அவ்வளவுதான். ஆனால் அந்த மூன்று நாளும் தெருவில் ஒருவர்கூட அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. கத்தரிக்காய் விலை ஏறினால் முக்கில் நின்று அரை மணி நேரம் பேசுகிற தெரு அது. எல்லோருக்கும் விஷயம் தெரியும், எல்லோரும் அந்த வீட்டைத் தாண்டும்போது ஒரு பார்வை பார்த்தார்கள், பேச்சு மட்டும் இல்லை. ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். அப்படியானால் எங்கள் தெருவின் வாயை மூடியது எது? அங்கேதான் எனக்கு ஒரு நாவல் கிடைத்தது.

புறநகர் வீடுகளின் ரகசியங்களை வைத்துப் பின்னும் குடும்பத் த்ரில்லர், அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் வளர்ந்த வகை. அங்கே வீட்டுக்கு வீடு புல்வெளி, வேலி, திரைச்சீலை. பத்து வருடம் பக்கத்தில் இருந்தவர் யாரென்றே தெரியவில்லையே என்பதுதான் அந்தக் கதைகள் தரும் அதிர்ச்சி. அந்தச் சாவி நம் பூட்டுக்குச் சேராது. இங்கே பக்கத்து வீட்டுக் குக்கர் எத்தனை விசில் விட்டது என்பது நமக்குத் தெரியும். அதனால் நம் கதையில் திகில், தெரியாததிலிருந்து வராது. தெரிந்தும் சொல்லாததிலிருந்து வரும். கீழே சொல்லும் ஒவ்வொரு படியும் இந்த ஒன்றை வைத்துத்தான். ஒரே கதையைக் கடைசிவரை எடுத்துக்காட்டாகக் கொண்டுபோகிறேன், அப்போதுதான் பின்னல் கண்ணுக்குத் தெரியும்.

1. முதலில் தெருவைக் கட்டுங்கள்

ஆட்களை யோசிக்கும் முன் தெருவை யோசியுங்கள். 2011-இல் மதுரை மாநகராட்சி 72 வார்டிலிருந்து 100 வார்டாக விரிந்தது. ஆனையூர், அவனியாபுரம், திருப்பரங்குன்றம் நகராட்சிகள் அப்போதுதான் உள்ளே வந்தன. பெயர் மாநகராட்சி, ஆனால் தெருவின் ஒரு முனையில் நாலு தலைமுறையாக இருக்கும் ஓட்டு வீடு, நடுவில் வங்கிக் கடனில் கட்டிய மாடி வீடு, மறுமுனையில் கருவேலம் மண்டிய காலி மனை, அதற்கும் பின்னால் ஒரு கண்மாய்க்கரை. பழைய ஊர்க்காரர்களும் புதிதாக மனை வாங்கி வந்தவர்களும் ஒரே தண்ணீர் லாரிக்குக் குடம் வைக்கிற இடம். யார் யாரை நம்புவது என்பது இங்கே இன்னும் முடிவாகவில்லை. கதைக்கு இதைவிட நல்ல மண் கிடையாது.

நம் கதைக்கு அழகர்கோவில் சாலையில் மூன்றுமாவடிக்கும் கடச்சனேந்தலுக்கும் நடுவே ஒரு தெருவை எடுத்துக்கொள்வோம். ஏன் அந்தச் சாலை என்பது ஆறாவது படியில் தெரியும். ஐந்து வீடு போதும். ஆறாவது வீடு வந்தால் வாசகருக்கு யார் யாரென்று குழம்பும்.

ஒரு தாளில் படம் போடுங்கள். எந்த வீட்டுச் சமையலறை ஜன்னலிலிருந்து எந்த வாசல் தெரியும், எந்த இரண்டு வீட்டுக்கு ஒரே காம்பவுண்டுச் சுவர், எந்த மொட்டைமாடியிலிருந்து எந்த மாடிக்குக் கால் வைக்கலாம், தெருவிளக்கு எங்கே எரியாது என்பதையெல்லாம் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ஒரு நாளின் சத்தங்கள்: யார் எத்தனை மணிக்கு மோட்டார் போடுவார், பால்காரர் மணி எப்போது, கிரைண்டர் எப்போது நிற்கும். ஒரு சத்தம் வரவேண்டிய நேரத்தில் வராமல் போவது, இந்த வகைக் கதையில் அலறலைவிடப் பெரியது.

வீடுகளுக்குத் தெரு வைத்த பெயரையே வையுங்கள். வாத்தியார் வீடு, மிலிட்டரி வீடு, மாவுக்கார அக்கா வீடு, நம் கதாநாயகி மருமகளாக வந்திருக்கும் வீடு, அப்புறம் பூட்டின வீடு. பூட்டின வீட்டுக்காரர் சிங்கப்பூர் போய் இரண்டரை மாதம் ஆகிறது என்று தெரு சொல்கிறது.

2. ரகசியத்தைப் பணத்தில் தேடுங்கள்

முதல் நாவல் எழுதுகிறவர்கள் ரகசியம் என்றதும் கள்ள உறவுக்குப் போய்விடுகிறார்கள். அது கூடாது என்று சொல்லவில்லை. ஆனால் கள்ள உறவு இரண்டு வீட்டைத்தான் பிணைக்கும். ஒரு தெருவையே பிணைக்க வேண்டுமானால் பணம் வேண்டும், அதுவும் எழுத்தில் சரியாகப் பதியாத பணம். தீபாவளிச் சீட்டு, கைமாத்து, வட்டிக்கு விட்டது, பவர் (அதிகாரப் பத்திரம்) வாங்கி விற்ற மனை என்று எதை எடுத்தாலும் கதை இருக்கிறது. (பவர் எழுதிக் கொடுத்தவர் இறந்தால் பொதுவாக அந்தப் பவரும் அவரோடு போய்விடும். இறந்தவரின் பவரை வைத்துக் கிரயம் செய்த மனையில் ஒருவர் வீடு கட்டிவிட்டார் என்றால், அது ஒன்றே தனி நாவல்.)

எனக்குப் பிடித்தது ஒத்தி. மதுரையில் வாடகைக்கு வீடு தேடினால் 'வாடகைக்கா, ஒத்திக்கா?' என்றுதான் முதலில் கேட்பார்கள். வெளியூர் வாசகருக்கு நீங்கள் இரண்டு வரியில் விளக்க வேண்டியிருக்கும்: குடிவருபவர் ஐந்து லட்சமோ ஆறு லட்சமோ மொத்தமாகக் கொடுத்துவிடுவார், மாத வாடகை கிடையாது, தவணை முடிந்து காலி செய்யும்போது முழுப் பணமும் திரும்ப வரவேண்டும். கேட்க நன்றாக இருக்கிறது. சிக்கல் எங்கே என்றால், வாங்கிய பணத்தை வீட்டுக்காரர் அப்படியே வைத்திருக்க மாட்டார். மாடி எடுத்திருப்பார், மகள் கல்யாணம் செய்திருப்பார். பழைய ஆளுக்குத் திருப்பிக் கொடுக்கப் புது ஆளின் ஒத்திப் பணம் வரவேண்டும். அடுத்த ஆள் வராத மாதத்தில் சங்கிலி அறுந்துவிடும்.

அதோடு, ஒத்தி போல வீட்டைக் கையில் ஒப்படைக்கிற, சுவாதீனத்தோடு கூடிய அடமானம் நூறு ரூபாயோ அதற்கு மேலோ என்றாலே பத்திரப் பதிவு வேண்டும் என்கிறது சொத்துரிமை மாற்றுச் சட்டம். நடைமுறையில் பெரும்பாலும் ஒரு முத்திரைத்தாள், இரண்டு சாட்சிக் கையெழுத்து, அவ்வளவுதான். பதிவு செய்யாத காகிதம் வில்லங்கச் சான்றில் வராது. ஒரே மாடிக்கு மூன்று பேரிடம் ஒத்திப் பணம் வாங்கியிருந்தாலும், வில்லங்கம் போட்டுப் பார்த்தவருக்கு வீடு சுத்தமாகத்தான் தெரியும். சட்டத்தின் கண்ணுக்குத் தெரியாமல் தெருவின் கண்ணுக்கு மட்டும் தெரிகிற கடன்! த்ரில்லர் எழுதுகிறவருக்கு மதுரை கொடுத்த கொடை இது.

சரி, நம் கதை. பூட்டின வீட்டுக்காரர் மாடியைக் காட்டி வெளியாட்கள் மூன்று பேரிடம் ஒத்திப் பணம் வாங்கியிருக்கிறார். தெருவில் நாலு வீட்டிலும் கைமாத்து வாங்கியிருக்கிறார். மீட்டர் வட்டிக்காரர்கள் வேறு தேடுகிறார்கள். ஒருநாள் இரவு அவரே தெருக்காரர்களிடம் கெஞ்சுகிறார்: "வெளிய பூட்டிட்டுப் போயிருங்க, கேட்டா சிங்கப்பூர் போய்ட்டாகன்னு சொல்லுங்க, ரெண்டு நாள்ல நான் ஏற்பாடு பண்ணிருவேன்." இரண்டு நாள் இருபது நாளாகிறது. இருபத்தோராம் நாள் அவர் திறந்துவிடச் சொல்கிறார். யாரும் திறக்கவில்லை. வீட்டை எங்கள் பெயருக்கு எழுதிக் கொடு, திறக்கிறோம் என்கிறார்கள்.

ஒளிந்திருந்தவர் சிறைப்பட்டவர் ஆகிற அந்த ஒரு நாளைத்தான் உங்கள் கதை மறைத்து வைக்க வேண்டும். இதில் கெட்டவர் யாரும் இல்லை, கவனியுங்கள். ஏமாந்த நல்லவர்கள் நாலு பேர் இருக்கிறார்கள். இரண்டு நாளைக்கு என்று போட்ட பூட்டை எடுக்க அவர்களுக்கு மனம் வரவில்லை.

3. ஒவ்வொரு வீட்டின் மௌனத்துக்கும் ஒரு விலை எழுதுங்கள்

நாவல் தொடங்கும் முன் நான் கட்டாயம் செய்யும் வேலை இது. ஒரு வீட்டுக்கு ஒரு பக்கம். அந்த வீட்டுக்கு என்ன தெரியும், சொன்னால் என்ன இழக்கும், சொல்லாததால் அந்த வீட்டில் எந்தச் சின்னப் பழக்கம் மாறியது. மூன்றாவதுதான் முக்கியம். அதுதான் நாவலின் பக்கத்தில் கண்ணுக்குத் தெரிகிற துப்பாக மாறும்.

வாத்தியார் ஓய்வுபெற்றபோது வந்த பணத்தைக் கொடுத்தவர். போதாததற்கு ஒத்திக் காகிதங்களில் சாட்சிக் கையெழுத்தும் அவருடையது, மூன்றிலும். படித்துப் பார்க்காமல் போட்டார். முப்பது வருடம் பிள்ளைகளுக்குப் 'படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடு' என்று சொல்லிக்கொடுத்த மனிதருக்கு அது வெளியே வருவது சாவுக்குச் சமம். அவரிடம் மாறிய பழக்கம்: ஒரு பேப்பர் வாங்கியவர் இப்போது இரண்டு வாங்குகிறார்.

மிலிட்டரிக்காரர் மகள் கல்யாணத்துக்கு வைத்திருந்ததைக் கொடுத்தவர். அவர் வீட்டுக் கேமரா முன்பு தெருமுக்கைப் பார்த்திருக்கும். இப்போது பூட்டின வீட்டைப் பார்க்கிறது. திருடன் வராமல் இருக்க என்று அவர் சொல்லுவார். யாரும் வெளியேறாமல் இருக்கத்தான் அது திரும்பியிருக்கிறது.

மாவுக்கார அக்கா சீட்டுப் பணத்தைக் கொடுத்துவிட்டு, வட்டிக்குப் பதிலாக அந்த வீட்டுக் கரண்டை எடுத்துக்கொள்கிறார். காம்பவுண்டுச் சுவர் மேல் ஒரு ஒயர், இந்தப் பக்கம் கிரைண்டர். வீட்டு இணைப்பில் இன்னொரு வீட்டு வியாபாரம் ஓடினால் அபராதம் வரும் என்பது அவருக்குத் தெரியும். அதனால் சுவருக்கு அந்தப் பக்கம் இரவில் கேட்ட எதையும் அவரால் சொல்ல முடியாது.

நாலாவது வீட்டை இப்போது சொல்ல மாட்டேன். உங்கள் வாசகருக்கும் சொல்லாதீர்கள்.

4. யார் சொல்கிறார்கள்?

புதிதாக வந்த மருமகள். தெருவுக்கு அந்நியர், ஆனால் வீட்டுக்குள் இருப்பவர், இரண்டும் சேர்ந்த ஆள் அவர்தான். கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து வந்தவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் வேலை. பகல் முழுக்க தெருவின் சத்தம் அவர் காதில் விழுகிறது, அர்த்தம்தான் தெரியாது. அவர் கேட்கும் அப்பாவிக் கேள்விகள் மற்றவர்களுக்கு மிரட்டலாகக் கேட்கும். 'அந்த வீட்டுக்காரங்க எப்ப வருவாங்க அத்தை?' என்று சாதாரணமாகக் கேட்பார், முறுக்குப் பிழிந்துகொண்டிருக்கும் அத்தையின் கை ஒரு நொடி நிற்கும்.

தன்மையில், 'நான்' என்றே எழுதுங்கள். ஆனால் வாசகரை ஏமாற்றாதீர்கள். கதைசொல்லி பார்த்ததை வாசகரும் பார்க்க வேண்டும். அதற்கு என்ன பொருள் என்பதில் இருவரும் சேர்ந்து தவறலாம். கதைசொல்லியே எல்லாம் தெரிந்துகொண்டு கடைசியில் 'நான்தான் செய்தேன்' என்று திருப்புவது எனக்கு ஒப்பவில்லை. நூற்றில் ஒருவர் கையில்தான் அது தேறும்.

5. துப்புகள்: அடுக்களையிலிருந்தும் மீட்டர் பெட்டியிலிருந்தும்

துப்பு என்றதும் ரத்தக்கறை, உடைந்த வளையல் என்று போகாதீர்கள். இந்த வகையில் துப்பு என்பது தினசரி கையில் படும் பொருள். எங்கள் தெரு மோட்டார் எனக்குக் கொடுத்த இ.பி. கார்டை (மின்கணக்கு அட்டையை)ச் சற்று விரித்துக் காட்டுகிறேன்.

வீட்டு மின்சாரத்துக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கு. பூட்டின வீட்டில் 215 ஓடியிருக்கிறது என்று ரீடிங் எடுப்பவர் சொல்கிறார். மருமகளுக்குப் பொறி தட்டுகிறது. சில நாளில் ஒயரைக் கண்டுபிடிக்கிறாள். 'அட, கிரைண்டர்தானா!' என்று வாசகரும் மூச்சு விடுவார். அங்கே கதையை ஒரு அத்தியாயம் இளைப்பாற விடுங்கள். அப்புறம் ஒரு இரவு, தூக்கம் வராமல் அவள் கணக்குப் போடட்டும். ஒரு குதிரைத்திறன் கிரைண்டர் மோட்டார் மணிக்கு முக்கால் யூனிட் இழுக்கும். தினம் இரண்டு மணி நேரம் என்றால் ஒன்றரை. அறுபது நாளைக்கு 90. மீதி 125?

ஒரு ஃபிரிட்ஜ் ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஒரு யூனிட் எடுக்கும், அறுபது நாளைக்கு 60. இன்னும் 65 இருக்கிறது. 75 வாட் ஃபேன் ஒன்று நாளைக்குப் பதினாலு மணி நேரம் ஓடினால் 63. ஆள் இல்லாத வீட்டில் ஃபிரிட்ஜை அணைக்க மறந்து போயிருக்கலாம். ஃபேனை நாளுக்குப் பதினாலு மணி நேரம் போட்டு, பத்து மணி நேரம் நிறுத்தியது யார்?

பயத்தைப் பற்றி ஒரு சொல்கூட எழுதாமல் வாசகரின் முதுகு சில்லிடும். கூட்டல் கழித்தல் மட்டும்தான். அதோடு விடாதீர்கள்: 215 யூனிட்டுக்கு பில் வந்திருக்கும், கட்டாவிட்டால் ஃபியூஸைப் பிடுங்கியிருப்பார்கள். பிடுங்கவில்லை. கட்டியது யார்?

பூட்டையும் முதல் அத்தியாயத்திலேயே காட்டிவிடுங்கள், எல்லோர் கண் முன்னாலும். கிரில் கேட்டில் வெளிப்பக்கம் தொங்குகிற பூட்டு. கேட் முழுக்கப் புழுதி, பூட்டில் மட்டும் புழுதி இல்லை. மீட்டர் கணக்கு முடிந்த பிறகு மருமகள் நினைப்பாள்: உள்ளே ஒருவர் ஒளிந்திருக்கிறார். வாசகரும் அப்படியே நினைப்பார். இன்னும் முப்பது பக்கம் கழித்துத்தான் அவளுக்கு உறைக்க வேண்டும்: ஒளிந்திருக்கிறவர் எப்படித் தன் வீட்டை வெளியே பூட்டுவார்?

மற்ற சில பொருள்களையும் யோசித்துப் பாருங்கள். மொய் நோட்டு இருக்கிறது. எங்கள் பக்கம் காதுகுத்து, கல்யாணம் எதுவானாலும் பெயர், ஊர், தொகை எழுதிப் பத்திரப்படுத்துவார்கள். 'அவுகளோட பழக்கமே இல்லை' என்று சொன்ன குடும்பம் பத்தாயிரம் மொய் எழுதியிருந்தால் போதும். கண்ணீர் அஞ்சலிப் போஸ்டரில் வரவேண்டிய ஒரு பெயர் வராமல் இருப்பதும் துப்புதான். கேதம் (துக்கம்) நடக்காத வீட்டில் மூன்று நாள் கோலம் இல்லை என்றால் தெரு கவனிக்கும். கேமராவை நம்பி மட்டும் கதை நடத்தாதீர்கள். பதிவுப் பெட்டியில் இடம் நிறைந்ததும் பழைய காட்சிகள் தானாக அழிந்துவிடும், அதன் கடிகாரமும் பல வீடுகளில் சரியாக இருக்காது. அந்தக் கடிகாரத் தவறை வேண்டுமானால் பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

எழுத்தில் இது எப்படி இருக்க வேண்டும் என்று ஒரு துண்டு காட்டுகிறேன். என் பழைய வரைவில் இப்படி இருந்தது: 'பூட்டிய அந்த வீட்டைப் பார்க்கும்போதெல்லாம் அவள் உள்ளத்தில் ஏதோ ஓர் அச்சம் பரவியது.' அடித்துவிட்டு இதை எழுதினேன்:

"அத்தை அரிசி களைந்துகொண்டிருந்தார். மூன்று பேருக்கு ஒன்றரை உழக்கு. நான் வந்த நாளிலிருந்து அதே உழக்கு, அதே கை. இப்போது கொஞ்ச நாளாக இரண்டு. 'யாரும் வர்றாங்களா அத்தை?' என்றேன். 'காக்காய்க்கு வைக்கணும்ல' என்றார். காக்காய்க்கு அரை உழக்கா என்று நான் கேட்கவில்லை."

நாலாவது வீடு எது என்பது இந்நேரம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். மருமகளுக்குத் தெரிய இன்னும் நேரம் இருக்கிறது. தேடிப் போகிறவள் தெருவெல்லாம் சுற்றிவிட்டுத் தன் வீட்டுப் பீரோ முன்னால் வந்து நிற்க வேண்டும். அத்தை பூட்டின வீட்டுக்காரருக்குக் கொடுத்தது மருமகள் கொண்டுவந்த இருபது பவுன். நகைப்பெட்டி காலி, அதில் ஒரு சாவி மட்டும் கிடக்கிறது. குடும்பத் த்ரில்லர் என்ற பெயரில் குடும்பம் இருப்பது இதற்காகத்தான்.

6. நாள்காட்டியில் ஒரு இரவைத் தேர்ந்தெடுங்கள்

தெருவே காலியாகும் ஓர் இரவு உங்களுக்கு வேண்டும். மதுரையில் அதைத் தேடி அலைய வேண்டாம், எதிர்சேவை இருக்கிறது. சித்திரைப் பௌர்ணமிக்கு வைகையில் இறங்குவதற்காக அழகர் மலையிலிருந்து புறப்பட்டு, அப்பன்திருப்பதி, கடச்சனேந்தல் வழியாக மண்டகப்படி மண்டகப்படியாக நின்று வருவார். மூன்றுமாவடியில் மக்கள் எதிர்கொண்டு வணங்குவார்கள், அதுதான் எதிர்சேவை. செம்பில் சர்க்கரை நிரப்பி, மேலே சூடம் ஏற்றி, பெண்கள் வரிசையாக நிற்பார்கள். ஆட்டம், கொட்டு, வேஷம் கட்டியவர்கள் பீய்ச்சும் தண்ணீர். நம் தெரு அந்தச் சாலையிலேயே இருக்கிறது. அந்தக் கொட்டுச் சத்தத்தில் ஒருவர் உள்ளேயிருந்து எவ்வளவு தட்டினாலும் யார் காதிலும் விழாது.

அன்றைக்கு அத்தை சொல்லட்டும்: "முட்டி வலிக்குது, நீங்க போய்ட்டு வாங்க." முப்பது வருடமாக ஒரு எதிர்சேவையும் தவறவிடாத அத்தை. செம்பைத் துலக்கிச் சர்க்கரை நிரப்பி மருமகள் கையில் கொடுத்துவிட்டு அவர் வீட்டில் தங்குகிறார். மருமகள் பாதி வழியில் திரும்பி வருகிறாள், சூடம் எரியும் செம்போடு. நாவலின் நடுப்பகுதியை நான் இந்த இரவில்தான் வைப்பேன்.

உச்சக்கட்டத்துக்கு இன்னொரு நாள் இருக்கிறது. வீட்டை எழுதி வாங்க அவரைச் சார்பதிவாளர் அலுவலகத்துக்குக் கூட்டிப் போயாக வேண்டும். அங்கே போட்டோ எடுப்பார்கள், விரல்ரேகை வைப்பார்கள், எழுதிக் கொடுப்பது நீங்கள்தானா, சம்மதமா என்று கேட்பார்கள். பூட்டின வீட்டுக்காரர் மாதக் கணக்கில் சந்திக்கும் முதல் வெளியாள் அந்த அதிகாரி. பெஞ்சில் இரண்டு பக்கமும் வாத்தியாரும் மிலிட்டரியும் உட்கார்ந்திருக்கிறார்கள். டோக்கன் எண் கூப்பிடும்வரை அந்த நாற்பது நிமிடத்தை அவசரப்படாமல் எழுதுங்கள்.

7. பேச்சு

மதுரைப் பேச்சு என்றால் சினிமா போல வரிக்கு வரி சவடால் என்று நினைக்காதீர்கள். பயந்த மனிதர்கள் மெதுவாகத்தான் பேசுவார்கள், மரியாதை கூடும். 'அவுக சிங்கப்பூர்லல்ல இருக்காக' என்று சொல்லும்போது அந்த 'ல்ல'வில் எச்சரிக்கை இருக்கிறது. மாவுக்கார அக்கா அத்தையை 'மதினி' என்பார், வாத்தியாரை 'சார்' என்பார், பூட்டின வீட்டுக்காரரை முதலில் 'அண்ணே' என்பார். ஒருநாள் வாய் தவறி 'அந்தாளு' என்று வரும். உறவுச்சொல் மாறுவதே போதும், விளக்கம் வேண்டாம். அங்கிட்டு, இங்கிட்டு, பைய என்று பக்கத்துக்கு நாலைந்து சொல் போதும். தெருவில் சௌராஷ்டிரக் குடும்பம் ஒன்று இருந்தால் அவர்கள் வீட்டு மொழியையும் மரியாதையோடு பயன்படுத்தலாம். மருமகள் அருகே வந்ததும் போனில் தமிழ் நின்று சௌராஷ்டிரம் தொடங்குவது அவளுக்கு எப்படி இருக்கும்?

8. சட்டம், போலீஸ்

சுருக்கமாகச் சொல்கிறேன். 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாகப் பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறையில் இருக்கிறது. அதற்குப் பின் நடக்கும் கதையில் இன்ஸ்பெக்டர் '302' என்று சொன்னால் தெரிந்த வாசகர் புத்தகத்தை மூடிவிடுவார். கொலைக்கு இப்போது 103. சட்டவிரோதமாக அடைத்து வைப்பது 127-ஆம் பிரிவில் வருகிறது, நாள் கூடக் கூடத் தண்டனையும் கூடும். ஸ்டேஷனில் மனு கொடுத்தால் முதலில் சி.எஸ்.ஆர். ரசீது (மனு வந்ததற்கான பதிவு), அப்புறம்தான் எஃப்.ஐ.ஆர். என்பது பல இடங்களில் நடைமுறை. போலீஸைக் கடைசி இருபது பக்கத்துக்கு முன்னால் உள்ளே விடாதீர்கள். அவர்கள் வந்தால் கதை அவர்களுடையதாகிவிடும்.

9. செய்யக்கூடாத இரண்டு

அரிவாள் வேண்டாம். மதுரை என்றாலே அரிவாள் என்று எழுதி எழுதி, இந்த ஊரில் பால் வாங்கி, பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பி, இ.எம்.ஐ. கட்டி வாழ்கிற லட்சக்கணக்கான பேரை நாம் கதையிலிருந்தே துரத்திவிட்டோம். இது எனக்கு உண்மையான வருத்தம்.

உங்கள் பக்கத்து வீட்டுக்காரரை அப்படியே எழுதாதீர்கள். பெயரை மாற்றினால் போதாது. தெருக்காரர்களுக்குத் தெரிந்துவிடும், அவர் மகளுக்கு வரன் பார்க்கும்போது அது வந்து நிற்கும். நிஜத்திலிருந்து ஒரு பொருளை மட்டும் எடுங்கள், ஒரு இ.பி. கார்டு போல. மனிதர்களை நீங்களே செய்யுங்கள்.

10. திருத்தமும் கடைசிப் பக்கமும்

முதல் வரைவு முடிந்ததும் ஒரு மாதம் தொடாதீர்கள். அப்புறம் ஒவ்வொரு வீட்டின் கண்ணிலிருந்தும் ஒருமுறை படியுங்கள், ஐந்து வாசிப்பு. வாத்தியார் கண்ணிலிருந்து படிக்கும்போது அவர் எந்த அத்தியாயத்தில் எங்கே இருந்தார் என்பது உங்களுக்குத் தெரியவில்லை என்றால் அங்கே ஓட்டை இருக்கிறது. உள்ளே இருப்பவர் ஏன் கத்தவில்லை, ஏன் போன் செய்யவில்லை என்று வாசகர் கேட்பார். இருபதாம் நாள்வரை அவர் கத்த விரும்பவில்லை, அதற்கப்புறம் போன் அத்தையிடம் இருக்கிறது. பதிலைக் கதையின் ஓட்டத்திலேயே வைத்துவிடுங்கள். பிறகு, இப்படி ஒரு தெருவில் வாழ்கிற யாருக்காவது சத்தமாகப் படித்துக் காட்டுங்கள். அவர் எந்த இடத்தில் 'எங்க தெருவுலயும்...' என்று ஆரம்பித்துவிட்டுப் பேச்சை நிறுத்துகிறாரோ, அந்தப் பக்கத்தில் கை வைக்காதீர்கள்.

கடைசிப் பக்கத்தை இதற்கெல்லாம் பிறகுதான் எழுதுவேன். பதிவு அலுவலகத்தில் என்ன நடந்தது என்பதை முழுதாகச் சொல்லிவிட்டால் வாசகர் தெருவை மறந்துவிடுவார். நான் இரண்டு மாதம் தள்ளிப் போவேன். பூட்டின வீட்டில் அதே பூட்டு. ரீடிங் எடுப்பவர் வருகிறார். மருமகள் கோலப்பொடி டப்பாவோடு நிமிர்ந்து நிற்கிறாள், அவள் முந்தானையில் சாவி முடிந்திருக்கிறது. அவர் மீட்டரை எட்டிப் பார்த்து, எழுதிக்கொண்டு, "இந்த வாட்டி கொறஞ்சிருச்சும்மா" என்கிறார்.

"எவ்வளவு?"

"தொண்ணூறு."

சுவருக்கு அந்தப் பக்கம் கிரைண்டர் ஓடிக்கொண்டிருக்கிறது.